குளிர் மீது போட்ட பழி

"மௌலவிக்கும் உழவு இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு?" என்று இந்தக் கட்டுரையைக் கண்டதும் வாசக நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நான் மெக்கானிக் அல்லன். அறபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்று, மௌலவி ஆசிரியராக நியமனம் கிடைத்து, பாடசாலைப் பிள்ளைகளுக்கு இஸ்லாமும் அறபும் கற்பித்து வருபவன். ஆனாலும் கிழக்கிலங்கையில் வயல் செய்யும் குடும்பமொன்றில் பிறந்தவன். விதைப்புக் காலம் வந்துவிட்டால் எங்கள் வாப்பாவுக்கு வீட்டுச் சாப்பாட்டை விட மெஷினைப் பற்றிய கவலைதான் அதிகம். உழவு இயந்திரத்தை எங்கள் ஊரில் 'மெஷின்' என்றுதான் சொல்வோம். கையால் பிடித்து உழுகின்ற சிறியதை 'லேண்ட் மாஸ்டர்' என்போம். அது பிரித்தானியக் கம்பனியொன்றின் பெயர். பிறகு எந்த நாட்டிலிருந்து எந்தக் கையுழவு இயந்திரம் வந்து இறங்கினாலும் நம்மவர்கள் அதே பெயரையே சூட்டிவிட்டார்கள்.

எங்கள் ஊர் மெஷின்களுக்குக் குளிர் என்ற நோய் கிடையாது. வெயிலும் சேறும்தான் அவற்றுக்கு எதிரி. விடியற்காலையில் கிளம்ப மறுக்கும் மெஷினை நான் முதன்முதலாகக் கண்டது மலைநாட்டில்தான். அங்கே ஒரு குடும்பம் அந்த மெஷினால் பட்ட பாட்டையும், கடைசியில் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தையும் சொல்லவே இதனை எழுதுகிறேன். பழைய பெற்றோல் எஞ்சின் எதையாவது வைத்திருப்பவர்களுக்கு, அது தண்ணீர் இறைக்கும் பம்பாக இருந்தாலும் சரி, இதில் பயனுள்ள சில விடயங்கள் கிடைக்கும்.

மலைநாட்டு விடியற்காலை

2011ஆம் ஆண்டு வெலிமடைப் பக்கத்துக் கிராமப் பாடசாலையொன்றுக்கு எனக்கு இடமாற்றம் கிடைத்தது. கடற்கரை ஊரில் வளர்ந்த எனக்கு அங்கே முதலில் அறிமுகமானது குளிர்தான். அங்கிருந்து இன்னும் மேலே, ஆயிரத்து எண்ணூறு மீற்றருக்கும் அதிக உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எங்கள் கிராமம் அவ்வளவு உயரத்தில் இல்லை. என்றாலும் ஸுபஹுக்கு வுழூச் செய்துவிட்டு நிமிர்ந்தால் விரல்கள் மரத்துப் போயிருக்கும். பள்ளிவாசல் முற்றத்திலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்க மலை தெரியாது. மூடுபனி மட்டுமே தெரியும்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வளவு ஒரு ஹாஜியாருடையது. எழுபதைத் தாண்டிய வயது. பள்ளத்தாக்கில் அவருக்குக் கொஞ்சம் காணி இருந்தது. கரட், கோவா, லீக்ஸ் என்று மரக்கறி செய்வார். அவரிடம் சாம்பல் நிறப் பழைய மெஷின் ஒன்று இருந்தது. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. உழுவதும் அதுதான், பின்னால் பெட்டியைக் கொழுவி மரக்கறி மூட்டைகளைப் பெரிய றோட்டுக்குக் கொண்டு போவதும் அதுதான். பக்கத்துக் காணிக்காரர்களின் மூட்டைகளும் அதே பெட்டியில்தான் போகும். கணவனை இழந்த பெண்ணொருத்தி இரண்டு பாத்தி கோவாவை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்து வந்தாள். அவளிடம் ஹாஜியார் கூலி வாங்குவதில்லை.

மரக்கறி லொறி விடியற்காலை ஐந்தரைக்குப் பெரிய றோட்டுக்கு வரும். கெப்பெட்டிப்பொலவிலுள்ள பொருளாதார நிலையத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. ஆகவே மெஷின் கிளம்ப வேண்டிய நேரம், நாளின் மிகக் குளிரான நேரம்.

சாம்பல் நிறப் பெர்குசன்

அந்த மெஷினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அது அயர்லாந்துக்காரரான ஹரி பெர்குசன் உருவாக்கிய 'டீ ஈ இருபது' என்ற வகை. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்தில் 1946 தொடக்கம் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. கலப்பையை மெஷினின் பின்னால் மூன்று இடத்தில் பொருத்தி எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் பெர்குசனின் முறையைத்தான் இன்று உலகத்து உழவு இயந்திரங்களில் மிகப் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. எஞ்சின் வலுவோ முப்பது குதிரைவலுவுக்கும் குறைவு. டீசல் வகை 1951இல்தான் வந்தது. அதற்கு முன் வந்தவை பெற்றோலில் ஓடுபவை, அல்லது பெற்றோலில் கிளம்பிப் பிறகு மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாறுபவை. ஹாஜியாருடையது பெற்றோல் வகை.

இன்னொரு செய்தியும் உண்டு. எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய எட்மண்ட் ஹிலரி, 1958 ஜனவரி 4ஆம் திகதி தென் துருவத்தை அடைந்தார் அல்லவா? அவரும் தோழர்களும் அங்கே போய்ச் சேர்ந்தது இதே வகைப் பெர்குசன் மெஷின்களில்தான். பனியில் புதையாதிருக்கச் சில்லுகளுக்கு மேல் பட்டி பூட்டியிருந்தார்கள். தென் துருவத்தின் குளிரைத் தாங்கிய இனம் அது. அத்தகைய மெஷின் வெலிமடைக் குளிருக்குத் தோற்றுப் போனது என்று சொன்னால் நம்பலாமா?

ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் அதைத்தான் நம்பினார்கள்.

பழசாகிவிட்டது, குளிர் பிடித்துவிட்டது

2013ஆம் ஆண்டு தை மாதம். ஒவ்வொரு நாளும் ஸுபஹ் தொழுதுவிட்டு வரும்போது அந்த வளவிலிருந்து ஒரே சத்தம் கேட்கும். 'ர்ர்ர்... ர்ர்... ர்...' என்று இழுத்து இழுத்து ஓய்ந்துவிடும். இந்தப் பெர்குசனில் கிளப்புவதற்குத் தனிப் பொத்தான் கிடையாது. கியர் லீவரையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். கியரில் இருக்கும்போது தவறுதலாகக் கிளம்பி ஆளை மோதிவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஹாஜியார் லீவரைத் தள்ளுவார், விடுவார், மீண்டும் தள்ளுவார். மகன்மார் இருவரும் சோக்கை இழுப்பார்கள், தள்ளுவார்கள். லொறி போய்விடும்.

வெயில் ஏறிப் பத்து மணியானால் அதே மெஷின் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பிவிடும். ஆகவே "குளிர்தான் காரணம்" என்று எல்லோரும் தீர்ப்பளித்துவிட்டார்கள். புதுப் பற்றரி வாங்கினார்கள். சரிவரவில்லை. "பற்றரி போலி" என்று திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினார்கள். காபரேட்டரை மாற்றினார்கள். பிளக் நான்கையும் மாற்றினார்கள். நகரத்திலிருந்து வந்த இளம் மெக்கானிக் ஒருவர் டீசல் எஞ்சின்களில் கெட்டிக்காரர். டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை அமுக்கும் சூட்டிலேயே எரியும். பெற்றோல் எஞ்சினின் கொயிலும் பொயின்டும் அவருக்குப் பழக்கமில்லை. "வாப்பா, இது மியூசியத்துக்குப் போக வேண்டிய சாமான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சம்பவம் நடந்தது. லொறியைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில் இளைய மகன் காபரேட்டரின் வாயில் நேரடியாகப் பெற்றோலை ஊற்ற, மூத்தவர் ஸ்டார்ட்டரைப் போட்டார். எஞ்சின் திருப்பி வெடித்தது. தீ வெளியே பாய்ந்து, போத்தல் பிடித்திருந்த கை முழங்கை வரை எரிந்துபோனது. சாக்கைப் போட்டுத் தீயை அணைத்தோம். பிள்ளை ஒரு கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

அதுவரை மெஷினை விற்பதற்கு இணங்காதிருந்த ஹாஜியார், அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "மௌலவி, பிள்ளையின் கையை விடவா அந்த இரும்பு பெரிது? கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்" என்றார். பழைய இரும்பு வாங்குபவர் முற்பணமும் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை வந்து வெட்டி ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. புது மெஷின் வாங்க அந்தக் குடும்பத்துக்கு வசதியில்லை. மெஷின் போனால் காணியையும் குத்தகைக்கு விட வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக் கோவாப் பாத்தி என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குளிர் உண்மையில் என்ன செய்கிறது?

கதையை இங்கே சற்று நிறுத்திவிட்டு, குளிருக்கும் பெற்றோல் எஞ்சினுக்கும் உள்ள பகையைச் சொல்லிவிடுகிறேன். குளிர் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு முழுப் பொய்யல்ல. அது நான்கு வழிகளில் தொந்தரவு கொடுக்கிறது.

முதலாவது எரிபொருள். பெற்றோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிரில் ஆவியாவது குறைவு. பெரும்பகுதி துளித்துளியாகக் குழாயின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சோக் என்ற மூடி காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூடுதலாக இழுக்க வைக்கிறது. மண்ணெண்ணெய் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்குத் திருப்புகிறீர்கள் அல்லவா? அதே காரணம்தான்.

இரண்டாவது எஞ்சின் ஒயில். குளிரில் அது பாணி போல் இறுகும். எஞ்சினைச் சுற்றுவது கடினமாகும். மூன்றாவது பற்றரி. உள்ளே நடக்கும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமாகும். உறைநிலையில் அதன் வலுவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். அதாவது, சுற்றுவதற்கு அதிக வலு தேவைப்படும் நேரத்தில்தான் வலு குறைந்திருக்கும். நான்காவது ஈரம். இரவில் பனி நீர் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் பிளக் வயர்களிலும் படியும். தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே கசிந்துவிடும். அரைகுறையாக நிரம்பிய தாங்கிக்குள்ளும் இதே நீர் படிந்து பெற்றோலின் அடியில் தேங்கும்.

ஆனால் இந்த நான்கும் அந்த மெஷினுக்கு முப்பது நாற்பது வருடமாக இருந்து வந்தவையே. முந்தைய வருடங்களில் தை மாதத்தில் கிளம்பிய மெஷின் இந்த வருடம் மட்டும் ஏன் கிளம்பவில்லை? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஒரு கிழவர்.

பாஸ் உன்னெஹே வந்தார்

ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டமொன்றின் லொறிகளைப் பார்த்துவந்த சிங்கள மெக்கானிக் அவர். ஹாஜியாரின் வயதுதான் இருக்கும். கண்பார்வை குறைந்ததால் கராஜை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். மெஷின் இரும்புக்குப் போகிறது என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தடியூன்றிக்கொண்டு அவராகவே வந்தார். "வெயில் ஏறிய பிறகு வந்து பார்ப்பதில் பிரயோசனமில்லை. நோய் இருக்கும் நேரத்தில்தான் நோயாளியைப் பார்க்க வேண்டும்" என்றார். கண்ணுக்குப் பதிலாக டோர்ச் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது.

மூத்த மகன் வழக்கம் போல் லீவரைத் தள்ளப் போனார். "ஹெமின், ஹெமின்" என்று கிழவர் தடுத்துவிட்டார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "போன வருடம் இதே மாதம் கிளம்பியதா?" கிளம்பியது என்றார்கள். "அப்படியானால் இடையில் என்ன நடந்தது?" ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள்.

பிறகு சோதனை தொடங்கியது. எஞ்சினைச் சில விநாடி சுற்றவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகே பிடித்தார். நனைந்திருந்தது, பெற்றோல் வாடை வந்தது. "எண்ணெய் வருகிறது. காபரேட்டருக்கு வீணாகக் காசு கொடுத்திருக்கிறீர்கள்" என்றார். பிளக் உலர்ந்திருந்தால் பெற்றோல் வரும் வழியைத் தேடியிருப்பார். நனைந்திருந்ததால் தீப்பொறியைத் தேடினார். அந்த ஒரு பிளக் பாதி வேலையை மிச்சப்படுத்திவிட்டது.

காபரேட்டரின் அடியிலுள்ள ஆணியைக் கழற்றிக் கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். அடியில் முத்துப் போல் இரண்டு மூன்று நீர்த்துளிகள் உருண்டன. "இதுவும் நல்லதல்ல. ஆனால் இவ்வளவு தண்ணீரால் தினமும் நிற்காது" என்று அதை வழித்து ஊற்றிவிட்டார். பெற்றோல் சிந்திய இடத்தை ஈரச் சாக்கால் துடைத்து, போத்தலைத் தூரத்தில் கொண்டு போய் வைத்த பிறகே தீப்பொறிப் பக்கம் போனார்.

டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ஹாஜியாரின் மனைவியிடம் கொடுத்து அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்தச் சொன்னார். பொயின்டின் முகத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கினார். இடைவெளியை அளக்கத் தன் சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். அந்தத் தடிப்புத்தான் அளவாம். பிறகு கொயிலின் தடித்த வயரை உலர்ந்த மரக்குச்சியால் எஞ்சின் இரும்புக்கு அருகே பிடித்துக்கொண்டு, பொயின்டை ஸ்குரூ டிரைவரால் திறந்து மூடினார். 'டிக்' என்று நீல நிறத்தில் தீப்பொறி பாய்ந்தது. நல்ல தீப்பொறி.

"இப்போது ஸ்டார்ட்டரைப் போடுங்கள்" என்றார். எஞ்சின் 'ர்ர்...' என்று சுற்றும்போது அதே வயரில் வந்த தீப்பொறி மஞ்சளாக, நூல் போல் மெலிந்திருந்தது. சில தடவை வரவேயில்லை.

கிழவர் முதன்முறையாகச் சிரித்தார். "மௌலவி மஹத்தயா, பார்த்தீர்களா? எஞ்சின் சும்மா இருக்கும்போது கொயிலுக்குக் கரண்ட் போதுமானது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது போதவில்லை. ஸ்டார்ட்டர் முழுக் கரண்டையும் தின்கிறது."

பற்றரி பலவீனமா என்று பார்க்க அயலவரின் லொறிப் பற்றரியைக் கழற்றி வந்து பூட்டினோம். அதே மஞ்சள் தீப்பொறிதான். ஆகவே பற்றரியும் குற்றவாளியல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிய இரண்டு பற்றரிகளும் நிரபராதிகள்! பற்றரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலுள்ள பாதை மட்டுமே மிஞ்சியது. கிழவர் அந்தப் பாதை நெடுக விரலால் தொட்டுக்கொண்டே போனார். வயர்கள் குளிராக இருந்தன. பற்றரியிலிருந்து மெஷினின் உடம்புக்குப் போகும் எர்த் பட்டி பூட்டியிருந்த ஆணியில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் குளிரில் அந்த ஆணி மட்டும் சுட்டது.

கரண்ட் தடைப்படும் இடம் சூடாகும் என்பது எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் விஞ்ஞானம். அதைக் கையால் தொட்டுப் பார்த்து அறிந்தவரை அன்றுதான் கண்டேன்.

ஆணியைக் கழற்றினார்கள். பட்டிக்கும் இரும்புக்கும் நடுவே அழகான சாம்பல் நிறப் பெயின்ட்.

"இடையில் என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. சென்ற வருடம் மூத்த மகனின் திருமணத்தின்போது, வீட்டோடு சேர்த்து மெஷினுக்கும் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாப்பாவின் மெஷின் புதிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. பட்டியைக் கழற்றிவைத்து, பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு அதன் மேலேயே முறுக்கியிருந்தார்கள். ஆணியின் புரிகள் வழியாக ஏதோ கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெயில் நேரத்தில் ஒயில் இளகி, பெற்றோல் இலகுவில் ஆவியாகி, பற்றரியும் தெம்பாக இருக்கும்போது அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. விடியற்காலையில் போதவில்லை.

பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தேய்த்து, பட்டியின் முனையையும் தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினார்கள். உலர்ந்த மூடியைப் பூட்டினார்கள். நேரம் ஐந்தே முக்கால். இன்னும் விடியவில்லை, மூடுபனியும் விலகவில்லை. ஹாஜியார் ஏறி உட்கார்ந்து பிஸ்மிச் சொல்லி லீவரைத் தள்ளினார். இழுத்து இழுத்து அல்ல, 'விர்' என்று சுற்றியது. மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கையில் கட்டோடு இளைய மகன் யன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜியார் எதுவும் பேசவில்லை. இறங்கி வந்து கிழவரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இரும்புக்காரரின் முற்பணம் அன்று பகலே திரும்பிப் போனது.

ஓதிய பாடம் ஒன்று

அறபுக் கல்லூரியில் உஸூலுல் பிக்ஹ் ஓதும்போது 'ஸப்ர், தக்ஸீம்' என்றொரு முறையைக் கற்பிப்பார்கள். ஒரு சட்டத்தின் காரணம் எதுவெனத் தேடும்போது, காரணமாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் எண்ணி வரிசைப்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாததைத் தள்ள வேண்டும். மது ஏன் விலக்கப்பட்டது? சிவப்பு நிறமாலா? மாதுளைச் சாறும் சிவப்புத்தான்; அது ஹலால். திராட்சையிலிருந்து வந்ததாலா? திராட்சைக் காடியும் அதிலிருந்துதான் வருகிறது, அதுவும் ஹலால். திரவமாக இருப்பதாலா? தண்ணீரும் திரவம்தான். எல்லாவற்றையும் தள்ளிய பிறகு எஞ்சுவது போதை. காரணம் அதுதான்.

இதைப் பல வருடம் நான் கிதாபில் வாசித்திருந்தேன். அந்த விடியற்காலையில், கிதாபைக் கண்டிராத ஒரு கிழவர் எண்ணெய் படிந்த விரல்களால் அதைச் செய்து காட்டினார். எண்ணெய், தண்ணீர், ஈரம், பொயின்ட், பற்றரி என்று வரிசையாக எடுத்தார், சோதித்தார், தள்ளினார், மிஞ்சியதைத் தொட்டார். வீட்டிலுள்ளவர்கள் செய்தது இதற்கு நேர்மாறு. முதலில் தீர்ப்பைச் சொன்னார்கள். பிறகு அந்தத் தீர்ப்புக்கு ஏற்பச் சாமான் வாங்கினார்கள். 'குளிர்', 'பழசு' என்ற இரண்டு சொற்களும் கேட்பதற்குக் காரணம் போலிருக்கும். ஆனால் அவை தேடலை நிறுத்திவிடும் சொற்கள். குளிர் அந்த நோயை உண்டாக்கவில்லை. ஏற்கனவே இருந்த நோயைக் காட்டிக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்வதை விட்டு அதன் மீது பழி போட்டார்கள்.

வைத்திருப்பவர்களின் கவனத்துக்கு

அன்று அந்தக் கிழவர் சொல்ல நான் குறித்துக்கொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

பழைய பெற்றோல் எஞ்சின் கிளம்பவில்லையென்றால் காசு செலவில்லாததை முதலில் பாருங்கள். பற்றரி முனைகளில் வெள்ளை, பச்சைத் தூள் படிந்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, கிறீஸ் பூசுங்கள். எர்த் பட்டியின் இரண்டு முனைகளையும் கழற்றிப் பாருங்கள். லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்குங்கள். லைட் அணைந்து போகுமளவுக்கு மங்கினால் பற்றரியிலோ பற்றரி முனைகளிலோ எர்த்திலோ பிழை. லைட் மங்காமலிருக்க ஸ்டார்ட்டர் சத்தமே போடாவிட்டால் சுவிட்ச் பக்கம் பிழை.

அடுத்தது பிளக்கைக் கழற்றி மணந்து பாருங்கள். உலர்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை: தாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் சேற்றால் அடைத்திருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம், சோக் வயர் அறுந்து மூடி மூடாதிருக்கலாம். நனைந்திருந்தால் தீப்பொறியைத் தேடுங்கள். அளவுக்கு மிஞ்சி நனைந்திருந்தால் சோக்கை முழுவதும் திறந்து, பிளக்குகளை உலர்த்திப் பூட்டி மறுபடி முயலுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். இடையில் ஓய்வு கொடுங்கள்.

மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்த பெற்றோலை நம்ப வேண்டாம். அதிலுள்ள இலேசான பகுதி முதலில் பறந்துவிடும். குளிரில் எஞ்சினைக் கிளப்புவது அந்தப் பகுதிதான். மலைநாட்டில் இருப்பவர்கள் வேலை முடிந்த மாலையில் தாங்கியை நிரப்பிவையுங்கள். நீர் படிய இடமிருக்காது. எஞ்சினை உலர்ந்த சாக்கால் மூடுங்கள். ஆனால் ஓட்டத் தொடங்குமுன் எடுத்துவிட மறக்காதீர்கள். கரையோர வெயிலுக்கு ஊற்றும் தடித்த ஒயிலை மலையில் ஊற்ற வேண்டாம். ஹாஜியாரின் மெஷினிலும் ஐம்பதை மாற்றி முப்பது ஊற்றிய பிறகு சுற்றுவது இன்னும் இலேசானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, காபரேட்டரின் வாயில் பெற்றோல் ஊற்றாதீர்கள். எஞ்சினுக்கு அடியில் பந்தம் காட்டாதீர்கள். பள்ளத்தில் உருட்டிவிட்டுக் கிளப்பப் பார்க்காதீர்கள். கிளம்பாவிட்டால் மெஷின் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. லொறி இன்று போனால் நாளை வரும். கோவா ஒரு நாள் வாடினால் நஷ்டம் ஒரு நாளுடையது. அந்தப் பிள்ளையின் கைத்தழும்பு இன்றும் இருக்கிறது.

நான் கிழக்குக்குத் திரும்பி வந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. பாஸ் உன்னெஹேயும் ஹாஜியாரும் இப்போது உயிரோடு இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், "இவனுக்கு மூளை அவ்வளவுதான் ஸேர்" என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்கு அந்தச் சாம்பல் நிறப் பெயின்ட் நினைவுக்கு வரும். காலையில் சாப்பிட்டு வந்தானா, கரும்பலகை அவனுக்குத் தெரிகிறதா, காது கேட்கிறதா, வீட்டில் தகப்பன் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவேன். போன வருடம் நன்றாகப் படித்தவன் என்றால், இடையில் என்ன நடந்தது என்று கேட்பேன். எல்லா நேரமும் விடை கிடைப்பதில்லை. கிடைத்த நேரங்களில் அது பெரும்பாலும் மிகச் சிறிய காரணமாகவே இருந்திருக்கிறது.